நாலு குழாய்க் கப்பலிடம் பதில் கேட்டவள்

கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் கப்பல் ஏஜெண்டு கம்பெனியின் மாடிப்படியில் மீன்பிடிக்கிற ஆள் யாரும் ஏறி வருவதில்லை. போன மாதம் ஒருவர் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரே நின்றார். சாந்தோம் குப்பத்துச் சூசையம்மாளின் மருமகன். "எங்க மாமியாரு பூட்டாங்க நைனா. கருவாடு காயவெச்சிக்கினு இருந்தாங்க. அப்பிடியே சாஞ்சிட்டாங்க" என்றார். நான் பாதியில் இருந்த சரக்குச் சீட்டை முழுவதும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பெரிய மனிதர்கள் இறந்தால் எழுதுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஜட்ஜ் இறந்தால் வக்கீல் எழுதுவார். வக்கீல் இறந்தால் அவருடைய ஜூனியர் எழுதுவார். மீன்காரி இறந்தால் எழுத யாருக்கும் கை வராது. ஆனால் இதைப் படிக்கிற மயிலாப்பூர்க்காரர்களில் பாதிப்பேர் அவள் கொடுத்த மீனைத் தின்றவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். "அவர்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உயிரோடு வாசலில் நின்றபோது நாம் ஒருவரும் கொடுக்காத "அவர்" இப்போது எதற்கு? கேட்டால் அவளே சிரிப்பாள்.

அவளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தவை இரண்டு. அழுகின மீனைக் கூடையில் வைக்கமாட்டாள். யுத்தக்கப்பல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் கூடையை யார் வீட்டு வாசலிலாவது போட்டுவிட்டுக் கடலைப் பார்க்க ஓடுவாள். இரண்டாவதை வைத்து அவளுக்குக் "கப்பல் பைத்தியம்" என்று பேர் வைத்தீர்கள். அவளுக்குப் பைத்தியம் இல்லை என்று சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

ஜெர்மன் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் காலையில் என் மனைவி வாசலில் சங்கராவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சூசையம்மாள் பேரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு, உள்ளே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"நைனா, நீ கப்பல் ஆபீசுல கீறியாமே. நாலு குழா கப்பலு இப்போ எங்க கீது?"

அந்த வருஷம் பனிக்காலத்தில் நம் ஊருக்கு வந்து போன பிரிட்டிஷ் குரூஸரைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. பெரிய போர்க்கப்பலை விடச் சின்னது, கவசம் கொஞ்சம், ஓட்டம் ஜாஸ்தி. வரிசையாக நாலு புகைக்குழாய்கள். அதில் அவளுடைய மகன் சகாயம் போயிருந்தான். கப்பல் சிப்பாய்களின் வெள்ளை உடுப்புகளை வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய ஒரு மேஸ்திரி தன் ஆட்களோடு கப்பலிலேயே இருப்பார். அவருடைய ஆள் ஒருவன் நம் ஊரில் இறங்கி ஓடிவிட்டான். மேஸ்திரி கரையில் கைக்கு ஆள் தேடினார். கடல் கொஞ்ச காலமாக வயிற்றுக்குக் கொடுக்காமல் இருந்ததால் சகாயம் போனான். மீசை அரும்பின வயசு. வெளுக்கிற வேலை அவனுக்குத் தெரியாது. கடல் தெரியும். கப்பல் வேலை என்றால் அது போதும் என்று நினைத்திருப்பான்.

நான் ஆபீஸில் பழைய பத்திரிகைகளையும், துரைமார் பேச்சையும் வைத்து அந்தக் கப்பலின் ஜாதகத்தைச் சேகரித்தேன். அடுத்த முறை அவள் வந்தபோது சொன்னேன். அவள் கேட்ட கேள்விகள் பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருந்தன.

"எந்த ஊர்ல கட்டினாங்க?"

"சீமையில். யுத்தத்துக்கு முன்னாலேயே கட்டிவிட்டார்கள்."

"சண்டை பாத்துக்கீதா?"

"பார்த்திருக்கிறது. வடகடலில் ஜெர்மன்காரனோடு."

"அடி பட்டுதா?"

"பலமான அடி. மேல்தட்டில் நிறையப் பேர் செத்துப்போனார்கள்."

"முழுவலியே?"

"முழுகவில்லை. இழுத்துக்கொண்டு போய் ரிப்பேர் செய்தார்கள். அப்புறம்தான் நம் பக்கத்துக்கு அனுப்பினார்கள்."

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப நல்ல மரந்தான்" என்றாள். அவர்களுக்குக் கட்டுமரமும் மரம்தான், இரும்புக் கப்பலும் மரம்தான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள். நானும் தந்தியில் கண்டதைச் சொல்வேன். கொழும்பு, ரங்கூன், அப்புறம் அரபு நாட்டு வளைகுடா. அங்கே துப்பாக்கியும் அடிமைகளும் கடத்துகிற பாய்மரப் படகுகளைத் துரத்திப் பிடிக்கிற வேலை. அவள் அதைக் குப்பத்தில் போய்ச் சொல்லும்போது சகாயமே படகுகளைப் பிடிப்பதாக மாறிவிடும். என் மனைவி என்னைக் கேலி செய்வாள்: "உங்க சம்பந்தி கப்பல் சௌக்கியமா?" அந்த ஒரு வருஷம்தான் அவளைச் சிரித்த முகமாகப் பார்த்தது.

பிறகு சேதி வருவது நின்றது. இன்னொரு கப்பலில் வேலை பார்க்கிற குப்பத்து ஆள் ஒருவன் மூலமாகச் சகாயம் அவ்வப்போது நலம் சொல்லி அனுப்புவான். அந்த ஆள் வந்தான். சேதி இல்லை.

அடுத்த பனிக்காலத்தில் நாலு குழாய்க் கப்பல் திரும்பி வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. பார்வையாளர்களை ஏற்றிப்போகும் லாஞ்சியில் எனக்கும் கம்பெனி தயவில் இடம் கிடைத்தது. மீன்காரிக்கு அதில் இடம் கிடையாது. மேல்தட்டில் பீரங்கியைத் தொட்டுப் பார்க்கிற கூட்டத்தை விட்டு விலகி, ஒரு இளம் அதிகாரியிடம் சகாயத்தைப் பற்றிக் கேட்டேன். மரியாதையான பையன். வருத்தத்தோடு கையை விரித்தான். இவர்களுடைய வழக்கம், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் இருக்கிற அத்தனை பேரையும் ஊருக்கு அனுப்பிவிட்டுப் புது ஆட்களை ஏற்றுவது. கேப்டன் முதல் அடுப்புக்காரன் வரை எல்லாரும் புதுசு. வெளுக்கிற மேஸ்திரியும் புதுசு. பழைய மேஸ்திரி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது கீழே யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. கைப்பிடிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டுமரம். மருமகன் துடுப்புப் போட, சூசையம்மாள் முட்டிபோட்டு உட்கார்ந்து, சுவர் மாதிரி நிற்கிற அந்த இரும்பைப் பார்த்து, "சகாயம்! டேய் சகாயம்!" என்று கூப்பிட்டுக்கொண்டே கப்பலைச் சுற்றி வந்தாள். ஏதோ விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்களோ, பிச்சை என்று நினைத்தார்களோ, சிப்பாய்கள் சிரித்துக்கொண்டு பிஸ்கோத்துகளை வீசினார்கள். அவை அவள் முதுகிலும் மடியிலும் விழுந்தன. அவள் தட்டிவிடக்கூட இல்லை. வட்டம் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். எனக்கு மேலே நிற்கவே பிடிக்கவில்லை.

கரையில் அவளைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். ஆட்கள் மாறிவிட்டார்கள், இவர்களுக்கு அவனைத் தெரியாது என்று படித்தவன் தோரணையில் விளக்கினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆளு மாறினா இன்னா நைனா? மரம் அதே மரந்தானே?"

இந்த இடத்தில் குப்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. ஒரு கட்டுமரத்தில் போனவன் திரும்பாவிட்டால், அவனோடு அதே மரத்தில் போனவர்கள் தங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கவேண்டும். நடந்ததை வாயால் சொல்லவேண்டும். அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒருத்தரும் அழக்கூடாது. உடம்பு கிடைக்காத சாவுக்கு அந்த வாய்ச்சொல்தான் உடம்பு. வேறு மரத்துக்காரன் சொன்னால் செல்லாது. சொல்லாதவரை அவன் கடலில் இருக்கிறான், அவ்வளவுதான். சூசையம்மாள் கப்பலிடம் கேட்டது இதைத்தான். பிள்ளையைக் கொடு, இல்லாவிட்டால் உன் ஆள் ஒருத்தன் என் வாசலில் வந்து சொல்லட்டும். ஏகாதிபத்தியத்தின் கடற்படையிடம் இதைவிடச் சின்னதாக யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அரைகுறைச் சேதிகள் வந்தன. கொழும்பிலிருந்து வந்த ஒரு வண்ணான், சகாயம் துணி உலர்த்தும்போது அலையடித்துக் கடலில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். "நீ பாத்தியா?" என்றாள். "இல்லம்மா, சொல்லிக்கினாங்கோ." "அப்ப போ." இன்னொருவன், அவனைக் காய்ச்சலோடு ஏதோ அரபு ஊரில் இறக்கிவிட்டதாகச் சொன்னான். அவனிடமும் அதே கேள்வி, அதே பதில். அவனையும் போகச் சொன்னாள்.

நான் மனு எழுதினேன். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணவில்லை. ஒரே ஒரு பதில்தான் வந்தது. அந்தப் பெயரில் யாரும் அந்தக் கப்பலின் கணக்கில் இல்லை என்று. மேஸ்திரி வைத்துக்கொண்ட கையாள் கப்பலின் சம்பளக்காரன் ஆகமாட்டான், அதனால் அவர்களைப் பொறுத்தவரை அப்படி ஒருவன் ஏறவே இல்லை. நான் கோபத்தில் கத்தினேன். அவள் அமைதியாக இருந்தாள். "கணக்குல இல்லாதவன் செத்தான்னு எப்பிடி நைனா எழுதுவாங்க? அப்ப அவன் கீறான்" என்றாள். அந்தக் கணம் அவள் கண்ணில் நம்பிக்கை வந்தது. நான் அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

லஸ்ஸில் ஒரு வக்கீல் அவளைப் பார்த்து, எப்பவோ போனவனை மறந்துவிட்டுப் பிழைப்பைப் பார் என்று உபதேசம் செய்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்: "சண்டையில ஊருக்குக் குண்டு போட்ட ஜெர்மன்காரன் கப்பல எல்லாரும் நெனப்பு வெச்சிக்கினு கீறீங்க. எம்புள்ளைய இட்டுகினு போன கப்பல மட்டும் நான் மறந்துடணுமா?"

பிறகு ஒருநாள் ஆபீஸில் அந்தச் செய்தியைப் படித்தேன். நாலு குழாய்க் கப்பல் கிழடாகிவிட்டது. கரி எரிக்கிற பழைய எஞ்சின். ஊருக்கு அழைத்துப் போய், உடைத்து இரும்பாக்குகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். எத்தனையோ கப்பல்களுக்கு இந்த முடிவை நான் சாதாரணமாகப் படித்திருக்கிறேன். அன்றைக்கு ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே குப்பத்துக்குப் போனேன்.

அவள் மணலில் உட்கார்ந்து நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். சொன்னேன். உடைப்பது என்றால் என்ன என்று கேட்டாள். தகடு தகடாகப் பிரித்து உலையில் போடுவார்கள் என்றேன். அவள் கை நின்றது. குப்பத்தில் ஒரு கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்துக் கட்டையாக்குவதற்கு முன்னால், அதில் போனவர்கள் எல்லாருடைய பாக்கியும் தீர்த்தாக வேண்டும்.

"பதில் சொல்லாம எப்பிடி அவுப்பாங்க?" என்றாள். அப்புறம் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். உடம்பு முழுவதும் குலுங்கியது. சத்தம் வரவில்லை. பிறகு துணியை எடுத்துவிட்டு, "அழக்கூட வுடாம வெச்சிட்டாங்களே நைனா" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச நெத்திலியைப் பரப்பினேன். என்ன ஆறுதல் சொன்னாலும் பொய்யாக இருக்கும்.

நாலு குழாய்க் கப்பல் போன பிறகும் அவள் நிற்கவில்லை. இரண்டு குழாய், மூன்று குழாய் என்று புதுசாக வந்த ஒவ்வொரு குரூஸரையும் சுற்றினாள். "ஒறவுமொறை கப்பலுங்கதானே, சேதி தெரிஞ்சிருக்கும்" என்பாள். தலை நரைத்தது. மருமகனுக்கும் அலுத்துவிட்டது. மாமியாரைத் தடுக்கத் தைரியம் இல்லாமல் துடுப்புப் போட்டார். மாதா கோயில் சாமியார், அவனுடைய ஆத்துமத்துக்கு ஒரு பூசை வைக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பயணத்துல கீறவங்களுக்கு வெக்கிற பூசைய வெய்யுங்க சாமி" என்று சொல்லிவிட்டாளாம்.

அதற்குள் மாம்பலத்து ஏரி மேடாகித் தியாகராய நகர் ஆகியிருந்தது. புது வீடுகள், புது லாண்டிரிகள். என் மைத்துனன் அங்கே குடிபோனான். ஒருநாள் அவனைப் பார்க்கப் போன இடத்தில், தெருமுனை லாண்டிரிக்காரர் கப்பலில் வெளுத்தவர் என்று தெரிந்தது. எந்தக் கப்பல் என்று கேட்டேன். நாலு குழாய்க் கப்பல். சகாயத்தை அழைத்துக்கொண்டு போன அதே மேஸ்திரி.

அவரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஓடிவந்தேன். முதல் சொல் அவள் காதில்தான் விழவேண்டும் என்று இருந்தது. மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு போனேன். லாண்டிரி வாசலுக்கு வந்தோம். உள்ளே கிழவர் தலைநிமிர்ந்து பார்த்தார். அவள் அவருடைய கையைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. ஒரு கணம்தான். திரும்பினாள். விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனை வருஷம் எந்த வாய்க்காக அலைந்தாளோ அந்த வாய் எதிரே இருக்கிறது, இவள் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் நின்று கேட்டேன். கேட்டது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார். ஏன் ஐயா வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "கப்பல்லேந்து எழுதிப் போட்டிருப்பாங்கன்னு இருந்துட்டேன் சாமி" என்றார். அவன் மேஸ்திரியின் ஆள்தானே, மேஸ்திரியே சொல்லிக்கொள்வார் என்று கப்பல்காரர்கள் இருந்திருப்பார்கள். நடுவில் ஒரு தாய் விழுந்துவிட்டாள்.

அவளைப் பாண்டி பஜார் பக்கம் ஓடிப்போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றிருந்தாள்.

"கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினாள். "வெச்சிக்கோ நைனா. நீயே வெச்சிக்கோ. நான் கேக்கசொல்ல குடு."

அதன்பிறகு அவள் ஒரு கப்பலையும் சுற்றவில்லை. மற்றபடி எல்லாம் அப்படியே. காலையில் கூடையோடு வருவாள். மனைவியோடு பேரம் பேசுவாள். நான் வாசலுக்கு வந்து நிற்பேன். இன்றைக்குக் கேட்பாளோ என்று காத்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். ஏதோ கேட்க வந்தது மாதிரி உதடு அசையும். "வவ்வால் நல்லாக்கீது நைனா, எடுத்துக்கோ" என்பாள். வருஷக்கணக்கில் இப்படியே. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை செத்தும் சாகாமலும் நின்றான்.

அவளை அடக்கம் செய்துவிட்டுக் குப்பத்துக்குத் திரும்பினோம். வீட்டுக்குப் பின்னால், பெண்கள் இல்லாத பக்கமாக, அவள் மகள் பிலோமி என்னைக் கூப்பிட்டாள்.

"நைனாகிட்ட ஒண்ணு கீதுன்னு அம்மா சொல்லிக்கீது. நான் இருக்கசொல்ல கேக்காத, அப்பால கேளுன்னுச்சு."

நான் அந்த மரத்தில் போனவன் இல்லை, என் வாயால் சொன்னால் செல்லாது, மேஸ்திரியும் காலமாகிவிட்டார் என்றேன். "சொல்லு நைனா" என்றாள்.

சொன்னேன். வளைகுடாவில் வெயில். இரும்பெல்லாம் கொதிக்கிற காலம். கீழ்த்தட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் மயங்கி விழுந்தான். டாக்டர் பனிக்கட்டியில் படுக்கவைத்துப் பார்த்தார். நினைவு திரும்பவே இல்லை. அவன் படுக்கும் கித்தானிலேயே அவனை வைத்து மேஸ்திரிதான் தைத்தார். காலடியில் இரும்பு கட்டினார்கள். கேப்டன் புத்தகத்தைப் பிரித்துச் செபம் வாசித்தார். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். கப்பலை நிறுத்திவிட்டுத்தான் கடலில் இறக்கினார்கள்.

பிலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பல நிறுத்தினாங்களா?"

"நிறுத்தினார்கள்."

"எங்கண்ணனுக்காவா?"

"உங்கண்ணனுக்காகத்தான்."

அவள் மண்ணில் விழுந்து அலறினாள். அந்த வீட்டில் அவனுக்காக எழுந்த முதல் அழுகை. தாயை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் ஓடிவந்து, அவளைக் கட்டிக்கொண்டு தாயின் பேரைச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். இதைச் சூசையம்மாளிடம் அன்றைக்கே அந்த மரத்தடியில் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால் அவளும் இப்படி ஒருமுறை வாய்விட்டு அழுதிருப்பாளே என்று தோன்றியது. வேண்டாம் என்றவள் அவள். அது அவளுடைய பிள்ளை.

கப்பலின் ஜாதகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். அதெல்லாம் யாரிடமும் கிடைக்கும். அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது வேறு. காலையில் தெருவில் மீன்காரி குரல் கேட்டால், அவளிடம் சொல்லவேண்டியதை வாயில் வைத்துக்கொண்டு இன்றும் வாசலுக்கு ஓடுகிறேன். அங்கே பிலோமி கூடையை இறக்கி வைத்துவிட்டு, வஞ்சிரம் வேண்டுமா என்று கேட்கிறாள்.